வேலை இருந்தால்தான் குடியுரிமை... ஒரு நாடே அலுவலகமாக இயங்கும் வாடிகன்!

ரோம் நகரில், புனித பேதுரு சதுக்கத்துக்கு வலப்புறமாகச் சில நிமிடங்கள் நடந்தால் சாந்தன்னா வாசல் வரும். நீல நிறச் சீருடையில் சுவிஸ் காவலர்கள் நிற்பார்கள். காலை நேரத்தில் அங்கே நின்று பார்த்தால், கையில் மருந்துச் சீட்டுடன் வரும் ரோம்வாசிகளைக் காணலாம். சீட்டையும் அடையாள அட்டையையும் காட்டிவிட்டு உள்ளே போவார்கள். நாலு எட்டு வைத்ததும் இத்தாலி முடிந்து, வேறொரு நாடு தொடங்கிவிடும். மருந்து வாங்க வெளிநாடு போய் வருகிறவர்கள் இவர்கள்!

1874-ல் தொடங்கப்பட்ட வாடிகன் மருந்தகம் அது. இத்தாலியில் எளிதில் கிடைக்காத மருந்துகூட அங்கே கிடைக்கும் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. மருந்தகம், தபால் நிலையம், தீயணைப்புப் படை, காவல்துறை, நீதிமன்றம், வங்கி, ரயில் நிலையம் என ஒரு நாட்டுக்குத் தேவையான எல்லாமே அந்த மதிலுக்குள் இருக்கின்றன. பரப்பளவோ வெறும் 44 ஹெக்டேர். நம் கணக்கில் சுமார் 110 ஏக்கர்!

இரண்டு அரசு, ஒரே தலைவர்

இத்தாலியின் நடுப்பகுதியை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டவர்கள் போப்கள். 1870-ல் இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்ததோடு அந்த ஆட்சி முடிந்தது. பல ஆண்டுப் பிணக்குக்குப் பிறகு, 1929 பிப்ரவரி 11 அன்று லாத்தரன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தால் பிறந்ததுதான் இன்றைய வாடிகன் நகர அரசு.

இங்கே ஒரு குழப்பம் பலருக்கும் உண்டு. உலகம் முழுக்க உள்ள கத்தோலிக்கத் திருச்சபையை நிர்வகிப்பது திருப்பீடம். ஆயர் நியமனம், புனிதர் பட்டம், வெளிநாட்டுத் தூதர்கள் எல்லாம் அதன் கையில். சாலை, தோட்டம், தபால், அருங்காட்சியகம் போன்றவற்றைக் கவனிப்பது நகர அரசு. இரண்டுக்கும் தனித்தனி அலுவலகங்கள், தனித்தனி அதிகாரிகள். தலைவர் மட்டும் ஒருவரே. சட்டம் இயற்றுவது, நிர்வாகம், நீதி என மூன்று அதிகாரங்களும் போப்பிடம்தான்.

நகர அரசின் தலைமைச் செயலகம் பேராலயத்துக்குப் பின்னால், வாடிகன் தோட்டத்தில் இருக்கிறது. முன்பதிவு செய்து தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அந்த மாளிகையைக் காணலாம். அதன் முன்னால் உள்ள புல்சரிவில், பதவியில் இருக்கும் போப்பின் சின்னத்தைச் செடிகளாலேயே வரைந்து வைத்திருப்பார்கள். போப் மாறினால் தோட்டக்காரர்களுக்கும் வேலை வந்துவிடும்.

போப் 23-ம் ஜானிடம், "வாடிகனில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டாராம். "பாதிப் பேர் இருக்கும்" என்றாராம் அவர். உண்மையோ கதையோ, அரசு அலுவலகம் எங்கே இருந்தாலும் அரசு அலுவலகம்தான்!

பதவி போனால் நாடும் போகும்

மற்ற நாடுகளில் பிறப்பாலோ பெற்றோர் வழியாகவோ குடியுரிமை வரும். வாடிகனில் அது பதவியோடு வருகிறது. வாடிகனிலோ ரோமிலோ வசிக்கும் கர்தினால்கள், திருப்பீடத்தின் தூதர்கள், பணியின் காரணமாக மதிலுக்குள் குடியிருப்பவர்கள் ஆகியோர்தான் குடிமக்கள். அனுமதி பெற்று உடன் வசிக்கும் மனைவி, பிள்ளைகளுக்கும் கிடைக்கும். சுவிஸ் காவலர் பணியில் சேரும் இளைஞர், பணிக்காலம் வரை வாடிகன் குடிமகன். பணி முடிந்தால் பழையபடி சுவிட்சர்லாந்துக்காரர்.

அப்படியென்றால், வேறு நாட்டுக் குடியுரிமை இல்லாத ஒருவர் பதவியை இழந்தால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதானா? 1929-லேயே இதை யோசித்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் தானாகவே இத்தாலியக் குடிமகனாகிவிடுவார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

குடிமக்கள் சில நூறு பேர்தான். ஊழியர்களோ சில ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் தினமும் ரோமிலிருந்து வந்து போகும் இத்தாலியர்கள். வருமான வரி இல்லை, பெட்ரோலும் மளிகையும் மலிவு என்று வெளியே இருப்பவர்கள் பெருமூச்சு விடுவதுண்டு. ஆனால், இங்கே வாக்குப்பெட்டி கிடையாது. வழக்கமான தொழிற்சங்கமும் கிடையாது; ஊழியர்களுக்கென ஒரு சங்கம் மட்டும் உண்டு. 2024-ல் அருங்காட்சியகப் பணியாளர்கள் 49 பேர், கூடுதல் நேர ஊதியம், பணியிடப் பாதுகாப்பு ஆகியவை குறித்துக் கூட்டாக மனுக் கொடுத்தார்கள். அது உலகச் செய்தியானது. நியாயம் கேட்கும் இடமும் சம்பளம் தரும் இடமும் ஒன்றாகவே இருந்தால் ஊழியர் யாரிடம் போவது என்ற கேள்வி இன்னும் அங்கே இருக்கிறது.

மறு உத்தரவு வரும் வரை...

போப் மறைந்த நொடியில், திருப்பீடத் துறைகளின் தலைவர்கள் அநேகமாக எல்லோருமே பதவி இழப்பார்கள். 'கமர்லெங்கோ' எனப்படும் கர்தினால் உள்ளிட்ட மிகச் சிலர் மட்டும் தொடர்வார்கள். செயலாளர்கள் அன்றாட வேலையை மட்டும் பார்ப்பார்கள். அந்த இடைவெளிக்கென்றே தனித் தபால்தலை வெளியிடுவதும் வழக்கம்.

2025 ஏப்ரல் 21 அன்று போப் பிரான்சிஸ் மறைந்தார். மே 8 அன்று 14-ம் லியோ தேர்வானார். மறுநாளே, பழைய துறைத் தலைவர்கள் அனைவரும் தற்காலிகமாகத் தொடரலாம் என்று அறிவிப்பு வந்தது. எதுவரை? மறு உத்தரவு வரும் வரை! நம் ஊர்க் காதுக்கும் பழகிய வார்த்தைதான்.

குமரியிலிருந்து வந்த கோப்பு

சதுக்கத்தை விட்டு வெளியே வந்ததும் பன்னிரண்டாம் பயஸ் சதுக்கம். நிற்பது இத்தாலி மண்ணில் என்றாலும், அங்குள்ள சில கட்டடங்கள் திருப்பீட அலுவலகங்கள். அவற்றில் ஒன்று புனிதர் பட்டங்களுக்கான துறை. கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்து, 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தின் கோப்பு அந்தத் துறைக்குத்தான் போனது.

கோட்டாறு மறைமாவட்டமும் தமிழக ஆயர்களும் 2004-ல் பரிந்துரைத்தார்கள். வரலாற்று அறிஞர்கள், இறையியலாளர்கள், மருத்துவர்கள், கர்தினால்கள் என்று மேசைக்கு மேசை நகரும் நடைமுறை இது. 2012-ல் அவருக்கு அருளாளர் பட்டம் கிடைத்தது. 2022 மே 15 அன்று புனிதர் பட்டம். பரிந்துரையிலிருந்து எண்ணினால் 18 ஆண்டுகள்.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்தது. ஆவணங்களில் அவர் பெயரோடு 'பிள்ளை' என்ற சாதிப்பெயரும் ஒட்டியிருந்தது. சாதி வேறுபாடு பார்க்காமல் எல்லோரோடும் பழகியவருக்குச் சாதி அடையாளம் எதற்கு என்று தமிழகத்திலிருந்து கடிதங்கள் போயின. துறை அதை ஏற்று, அந்தச் சொல்லை நீக்கியது. புனிதர் பட்ட நாளில் அவர் வெறும் தேவசகாயம். கோப்பில் ஒரு சொல்தான் மாறியது. ஆனால், அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு அதுதான் பொருத்தம்.

சட்டமும் அசைந்தது

2025 மார்ச் முதல் நகர அரசின் தலைவராக இருப்பவர் அருட்சகோதரி ரஃபயேல்லா பெத்ரீனி. அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண். ஆனால், தலைவர் கர்தினாலாக இருக்க வேண்டும் என்றது சட்டம். கர்தினால் பொறுப்போ ஆண்களுக்கு மட்டுமானது. அதே ஆண்டில் போப் லியோ சட்டத்தைத் திருத்தி, அந்த முடிச்சை அவிழ்த்தார்.

வாடிகன் போகிறவர்கள் பேராலயத்தையும் சிஸ்டைன் ஆலயத்தையும் பார்த்த கையோடு, சதுக்கத்தில் உள்ள தபால் நிலையத்துக்கும் போய் வரலாம். வாடிகன் தபால்தலை ஒட்டி, வாடிகன் தபால்பெட்டியில் போட்டால், அந்நாட்டு முத்திரையோடு வீட்டுக்கு வாழ்த்து அட்டை வரும். இத்தாலியத் தபால்தலை அங்கே செல்லாது!

அட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது தரையைக் கவனியுங்கள். சதுக்கத்தின் விளிம்பில் வெள்ளைக் கல்லால் ஆன ஒரு கோடு இருக்கும். அதுதான் எல்லை. பாஸ்போர்ட் கேட்க யாரும் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும், முத்திரை குத்திய ஊழியரும் தன் நாட்டுக்கு, தன் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.