ஏழாம் நாள் அடை

கூடைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டிய கோழி எழுந்து எழுந்து நிற்கிறது. அடை வைத்து ஏழு நாள்தான் ஆகிறது. கொஞ்ச நேரம் முட்டைமேல் படுக்கிறது, பிறகு எழுந்து நெஞ்சுப் பக்கத்து இறகை அலகால் கொத்திப் பிடுங்குகிறது, மறுபடி படுக்கிறது. சிவந்து நிமிர்ந்திருந்த கொண்டை வெளுத்துப் போயிருக்கிறது.

பொழுது அடையட்டும் என்று அப்பத்தா காத்திருந்தாள். வெளிச்சம் மங்கினால் கோழி முரண்டு பிடிக்காது. முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் வைத்துத் துணி போர்த்துகிறாள். இரண்டு சிறகையும் உடம்போடு அணைத்துக் கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். பேரன் செல்போன் வெளிச்சத்தைப் பிடிக்கிறான்.

வாலடி இறகை விரலால் விலக்கியதும் வைக்கோல் நிறத்துப் பேன்கள் நாலாபக்கமும் ஓடுகின்றன. இறகுத் தண்டின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஈர் அப்பியிருக்கிறது.

“அப்பத்தா, இதுதான் செள்ளா?”

“இது பேனுடா. கொண்டை வெளுத்திருக்கு பாரு, அது செள்ளு வேல. அது இங்க இருக்காது. வா காட்டுறேன்.”

கோழியைப் பஞ்சாரத்துக்குள் விட்டுவிட்டு, பழைய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு மரக்கூட்டுக்குப் போகிறாள். மற்றக் கோழிகள் அடையும் கம்பின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடைக்கிறாள். துணியில் சிவப்புக் கோடு விழுகிறது. பேன் கோழி உடம்பிலேயே குடியிருக்கும். கீழே விழுந்தால் சில நாளில் சாகும். செள்ளோ பகலெல்லாம் பலகை இடுக்கில் பதுங்கி, இருட்டியதும் ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். கோழியை மட்டும் வைத்தியம் பார்த்தால் தீராத சங்கதி இது.

பக்கத்து வீட்டுக்காரர் சுவர்மேல் எட்டிப் பார்க்கிறார். “வயலுக்குப் போடுற பவுடர் எங்கிட்ட மிச்சம் கெடக்கு, ஒரு பிடி தூவி விடுங்க ஆத்தா, எல்லாம் செத்துரும்.”

“வேணாம்ப்பா. முட்டை திங்கிறது எம் பேரன்.”

அந்தப் பதிலுக்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. என்றாலும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பல வீடுகளில் இது நடக்கிறது. பயிருக்கான விஷம் கோழியின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும், முட்டையிலும் இறங்கும். கோழிக்கென்றே மருந்து இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் கேட்டால் அளவு சொல்வார்.

அப்பத்தாவிடம் இருப்பது சலித்த அடுப்புச் சாம்பலும் இடித்த வசம்பும். கோழியை மறுபடி மடியில் வைத்து, கண்ணிலும் மூக்கிலும் படாமல் சிறகுக்கு அடியில், தொடையில், வாலடியில் இறகை எதிர்த்துக் கோதித் தேய்க்கிறாள். பழைய வைக்கோல் எரிகிறது. கூடையை உதறி, புது மணலும் வைக்கோலும் பரப்பி, உலர்ந்த வேப்பிலையை நொறுக்கிப் போடுகிறாள்.

இத்தனைக்கும் இந்த வீட்டில் முன்பெல்லாம் இது அதிகம் வந்ததில்லை. முருங்கை மரத்தடியில் கோழிகள் குழி பறித்துப் புழுதியில் புரளும். புழுதி இறகுக்குள் புகுந்து பூச்சியின் உடம்பை உரசி ஈரத்தை வற்றவைக்கும்; எழுந்து உதறினால் பூச்சியும் சேர்ந்து விழும். கோழி தனக்குத்தானே செய்துகொண்ட வைத்தியம் அது. போன வருஷம் முற்றம் முழுக்கச் சிமெண்டு போட்டார்கள். அதன்பிறகும் கோழிகளுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. இன்று மதியம்கூட இரை எடுக்க இறங்கிய இந்த அடைக்கோழி வெறுஞ்சிமெண்டில் ஒருக்களித்துப் படுத்தது. காலால் தரையைச் சீய்த்தது. சிறகை அடித்து அடித்து, இல்லாத புழுதியைத் தன்மேல் வாரிப் போட்டுக்கொண்டது. எழுந்து நின்று உதறவும் செய்தது. பார்க்க மனசு தாங்கவில்லை. முற்றத்தைச் சுத்தமாக வைக்க நினைத்தவர்கள் கோழிக்கு ஒரு மூலையாவது விட்டிருக்கலாம்.

“நாளைக்கு வாய்க்கா கரையில ரெண்டு கூடை மண்ணு அள்ளிட்டு வாடா. பழைய டயரு கெடக்குல்ல, அதுக்குள்ள கொட்டி சாம்பலையும் கலந்து வைப்போம். மழை படாத எடமாப் பாத்து வை.”

“கூட்டுக்கு?”

“இடுக்கெல்லாம் கொதிக்கக் கொதிக்க வெந்நி ஊத்திட்டு, காஞ்சதும் சுண்ணாம்பு அடிக்கணும். கோழிய வெளிய விட்டுட்டுச் செய்யணும், ஞாபகம் வச்சுக்க.”

கோழியைக் கூடையில் விட்டு முட்டைகளை அதன் நெஞ்சடியில் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாள்.

“இன்னும் பத்து நாளு கழிச்சு இதே மாதிரி இன்னொரு தடவை போடணும்.”

“மறுபடியுமா? எதுக்கு அப்பத்தா?”

“இப்பப் போட்டதுல பேனு சாகும், ஈரு சாகாதுடா. அது பொரிஞ்சு வரும்ல. நம்ம குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள அதையும் தீர்த்துரணும். இல்லாட்டி ஆத்தா சிறகுல இருந்து குஞ்சு தலைக்கு ஏறிரும், பச்சக் குஞ்சு தாங்காது. போ, அந்தத் துணிய வெந்நில போட்டுட்டு நீயும் குளி.”