பல்லுக்கொழுக்கட்டையும் போர்க் கல்லறையும்

குழந்தையின் வளர்ச்சியைத் தமிழர் ஆண்டுகளால் மட்டும் அளந்தாரல்லர். செங்கீரையாடுதல், சப்பாணி கொட்டுதல் என ஒவ்வொரு படியையும் தனித்தனியே கண்டு மகிழ்ந்தனர். பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களாக அமைந்தமைக்கு இம்மகிழ்ச்சியும் ஒரு காரணம் எனலாம். அதே சமூகம் போரில் வீழ்ந்தோர்க்கு நடுகல் நாட்டியும் வழிபட்டது. வளர்வோரை வாழ்த்துவதும் வீழ்ந்தோரை நினைப்பதும் வெவ்வேறு கடமைகள் என்றே நான் எண்ணியிருந்தேன். கண்டியில் கழிந்த ஒரு வார இறுதி, அவை எத்துணை நெருங்கியவை என்பதை உணர்த்தியது.

அங்கு வாழும் அண்ணரின் மகனுக்கு முதற்பல் முளைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பல்லுக்கொழுக்கட்டை கொட்டுவதென ஏற்பாடாகி, வன்னியிலிருந்து பெரியம்மாவும் வந்திருந்தார். போரில் இறந்தோரின் கல்லறைத் தோட்டமொன்று கண்டியில் உண்டென்று அண்ணர் பேச்சுவாக்கிற் கூற, அதனைப் பார்க்க வேண்டுமென்றார் பெரியம்மா. சனிக்கிழமை காலை, வீட்டு முற்றத்துப் பூக்களுடன் குடும்பமாகச் சென்றோம்.

1944 ஆம் ஆண்டு மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் அமைந்தது. அப்போர்க்காலத்தில் இறந்த பிரித்தானியர், இந்தியர், கிழக்காபிரிக்கர், இலங்கையர் ஆகியோர் இத்தோட்டத்தில் ஒருங்கே துயில்கின்றனர். இதனைப் பேணும் ஆணைக்குழு 1917 இல் நிறுவப்பட்டது. பதவி, இனம், சமயம் என்னும் வேறுபாடின்றி இறந்தோர் அனைவரையும் ஒரே தகைமையுடன் நினைவுகூர்தல் அதன் கொள்கை. ஆயினும், கல்லில் எழுதப்பட்டவற்றுள் வேறுபாடு உண்டு. பிரித்தானியரின் கற்கள் பலவற்றில் வயதும் குடும்பத்தார் தெரிந்த வாசகமும் உள்ளன. ஆபிரிக்கரின் கற்கள் பலவற்றிலோ பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் என்பவற்றுக்குமேல் எதுவும் இல்லை.

பெரியம்மா ஆங்கிலம் அறியாதவர். வயதுகளை மட்டும் வாசிக்கும்படி என்னிடம் கூறினார். 20, 22, 19 என வாசித்துக்கொண்டே சென்ற நான், ஒரு கல்லின் முன் நின்றுவிட்டேன்.

“வயசு எழுதேல்லையோ?” என்றார்.

“இல்லைப் பெரியம்மா.”

“எழுதாட்டி என்ன, பெத்தவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

வயது எழுதப்படாத கற்களாகப் பார்த்தே தம் பூக்களை வைத்தார். ஏனென்று எவரும் கேட்கவில்லை. அவருடைய இளைய மகன் 2009 ஆம் ஆண்டு, போரின் இறுதி மாதங்களிற் பிரிந்தவன், திரும்பவில்லை. அவனுக்குக் கல்லும் இல்லை. திவசம் கொடுப்பதற்கு நாளும் இல்லை.

மறுநாள் வீடு கலகலத்தது. அரிசிமாக் கொழுக்கட்டைகளின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகள் பற்கள்போற் பதிக்கப்பட்டன. குழந்தையை வெள்ளை விரிப்பில் இருத்தி, முன்னே ஏடு, பேனை, பொற்காப்பு முதலியவற்றைப் பரப்பினர். பெரியம்மா மட்டும் அடுக்களையை விட்டு வரவில்லை. மங்கல காரியத்தில் முன்நிற்க அவர் தயங்கியதை அண்ணி உணர்ந்தார். கையைப் பிடித்து அழைத்துவந்து, “நீங்கள்தான் கொட்டவேணும்” என்றார்.

கொழுக்கட்டைகள் தலைவழியே உருண்டன. குழந்தை ஏட்டையும் பொன்னையும் விடுத்துக் கொழுக்கட்டையையே பற்றி வாயில் வைத்தபோது எல்லோரும் சிரித்தோம். பெரியம்மாவும் சிரித்தார். “அவனுக்கு எட்டாம் மாசம், கீழ்ப்பல்லுத்தான் முதல் வந்தது. அவனும் உதைத்தான் எடுத்தவன்” என்றார். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் மகனைப் பற்றிப் பேசியது அன்றுதான். நாங்கள் கேட்கக் கேட்க, அவன் நடந்த நாளையும் ஏடு தொடக்கிய நாளையும் சொன்னார்.

அரசுகளும் படைகளும் ஒருவன் இறந்த நாளைக் குறித்துவைக்கின்றன. சிலருக்கு அதுவும் இல்லை. அவன் முதற்பல் முளைத்த மாதத்தைத் தாயே அறிவாள். அவள் மறைந்தால் அக்கணக்கும் அவளோடு மறையும். வீழ்ந்தோரை நினைவுகூர விரும்புவோர் பூக்களோடு நின்றுவிடாது, அத்தாய்மாரின் அருகிருந்து அந்த நாள்களையும் கேட்டறிதல் வேண்டும்.