ராஜகோபாலின் 4-4-2

லேசர் அடித்து ஜெயித்த கோப்பைதானே என்றார் அவர். இந்தோனேசியாவின் லோம்போக் தீவிலிருந்து வந்து பிரிஞ்சாங் பக்கம் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்பவர். தானா ராத்தா ஒட்டுக்கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்து தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தார். மேலே தொலைக்காட்சியில் பழைய கோல்களைக் கோத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். 2010 டிசம்பர் 26, புக்கிட் ஜாலில் அரங்கம், தென்கிழக்காசிய நாடுகளின் சுசுகி கிண்ணக் கால்பந்து இறுதியின் முதல் சுற்று, மலேசியா 3, இந்தோனேசியா 0.

அவர் சொன்னதில் பாதி உண்மை. நம் ரசிகர்கள் பச்சை லேசர் அடித்தார்கள். இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலை விட்டு வெளியேறினார்கள். சில நிமிடம் கழித்துத் திரும்பி வந்தவர்கள் 61, 68, 73ஆம் நிமிடங்களில் கோல் வாங்கினார்கள். ஆனால் நம்மவர்கள் சொல்லும் கதை மட்டும் என்ன வாழ்கிறதாம்? பயிற்றுநர் கே. ராஜகோபால் பையன்களுக்கு ரோஷம் ஊட்டினார், புலிகள் பாய்ந்துவிட்டன என்கிறார்கள். ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொள்கிறார், இன்னொருவர் வீரத்தை. அந்த மனிதர் உட்கார்ந்து யோசித்தார் என்று யாரும் சொல்வதில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

வீட்டில் ஃபுட்பால் மேனேஜர் 2011 விளையாட்டின் பழைய டிஸ்க் ஒன்று கிடந்தது. இதில் நாம் பந்தை உதைப்பதில்லை. பயிற்றுநராக உட்கார்ந்து ஆளைத் தேர்ந்தெடுத்து, வியூகம் வகுத்து, பிறகு கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். என்னை ஈர்த்தது அதன் தேதி. இந்தப் பதிப்பு வெளிவந்தது 2010 நவம்பர் 5. சுசுகி கிண்ணம் தொடங்கியது டிசம்பர் 1. அந்த டிஸ்க்கைப் பொறுத்தவரை சாஃபி சாலி இந்தக் கிண்ணத்தை இன்னும் ஜெயிக்காத ஒரு மலேசிய முன்வரிசைக்காரர், அவ்வளவுதான். ராஜகோபாலின் மேசையில் அப்போது என்ன இருந்ததோ, ஏறக்குறைய அதுவே என் திரையிலும் இருந்தது. அவர் போட்ட கணக்கை நானும் போட்டுப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

வியூகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். இறுதியாட்டத்தின் ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் பின்னால் நால்வர், நடுவில் நால்வர், நடுவே தலைவர் சாஃபிக் ரஹீம், முன்னால் நோர்ஷாருல் இட்லானும் சாஃபி சாலியும். பந்து எதிரியிடம் இருக்கும்போது இரண்டு வரிசையும் நெருங்கி நிற்கின்றன. பந்து கிடைத்ததும் நேரே முன்னால் போகிறது. விளையாட்டில் ‘கவுண்டர்’ என்றே ஓர் உத்தி இருக்கிறது. அதைப் போட்டேன். தோற்றேன்.

பிறகு பல இரவுகளை அந்த 61ஆவது நிமிடமே தின்றது. பந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டி வெளியே போகப் பார்க்கிறது. இந்தோனேசியத் தற்காப்பு ஆட்டக்காரர் மாமான் அதைக் காலால் மறைத்தபடி போக விடுகிறார். நோர்ஷாருல் விடவில்லை. அவரைச் சுற்றிப் போய்ப் பந்தைப் பறித்து உள்ளே தள்ளுகிறார். சாஃபி கோல் போடுகிறார். இதற்கு விளையாட்டில் எந்தப் பட்டன்? நோர்ஷாருலை ‘டிஃபென்சிவ் ஃபார்வர்ட்’ ஆக்கினேன். தெரு நாய்போல எல்லோரையும் துரத்தி, மஞ்சள் அட்டை வாங்கி, அறுபதாவது நிமிடத்தில் மூச்சு வாங்கினார். ‘டீப் லையிங் ஃபார்வர்ட்’ ஆக்கினால் நடுத்திடலுக்கே இறங்கிவிடுகிறார், சாஃபி அநாதையாக நிற்கிறார். ‘குளோசிங் டவுன்’ ஸ்லைடரை ஒரு கோடு கூட்டினேன், ஒரு கோடு குறைத்தேன். தற்காப்பு வரிசையை முன்னே தள்ளினேன், பின்னே இழுத்தேன். அந்த கோல் மட்டும் வரவேயில்லை.

மாமாவிடம் போனேன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துக் குழுவில் இடது பக்கம் ஆடியவர். ஆர். ஆறுமுகம் கோல் காத்த காலத்திலிருந்து தேசிய அணியைத் திட்டிக்கொண்டே விடாமல் பார்ப்பவர். பழைய லேப்டாப்பில் முப்பரிமாணம் ஓடாததால் ஆட்டத்தை வட்டப் புள்ளிகளாகத்தான் காட்ட முடிந்தது.

“நோர்ஷாருல் எங்கடா?”

“இந்தா, இந்தப் புள்ளி மாமா.”

“அவன் புள்ளியா? மூடுடா அத.”

அதற்குப் பிறகு அவர் திரையைப் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டார். ஆனால் பேசினார். தோட்டத்துத் திடல் ஒரு பக்கம் சரிவு. பந்து கோடு தாண்டினால் தேயிலைச் செடிக்குள் உருண்டு போய்விடும். தேடி எடுத்து வருவதற்குள் பனி இறங்கி இருட்டிவிடும். அதனால் வெளியே போகும் பந்தை விடாமல் துரத்துவது எங்களுக்கெல்லாம் பழக்கம், அதைத்தான் நோர்ஷாருலும் செய்தான் என்றார். நோர்ஷாருல் திரெங்கானுக்காரர், எந்தத் தேயிலைச் சரிவில் ஆடினார் என்று கேட்டேன். அதற்குப் பதில் கிடையாது. “முதல் ஆட்டத்தப் போய்ப் பாருலா” என்றார்.

தொடரின் முதல் ஆட்டத்தை யாரும் பார்க்க விரும்புவதில்லை. டிசம்பர் 1, ஜகார்த்தா, இதே இந்தோனேசியாவிடம் 1-5. ஆனால் மாமாவின் பேச்சில் விஷயம் இருந்தது. அந்த ஆட்டத்தில் முதலில் கோல் போட்டது மலேசியா; போட்டவர் நோர்ஷாருல். ஐந்து வாங்கிய அணியின் முன்வரிசையை வைத்தேதான் பிறகு மூன்று போட்டார் ராஜகோபால். கோல் காத்தவர் மாறியிருந்தார், ஷார்பினி அலாவி போய் 21 வயது கைருல் ஃபாமி. அச்சு மாறவில்லை. அப்படியானால் நான் இரவெல்லாம் நகர்த்திக்கொண்டிருந்த ஸ்லைடர்களுக்கும் அந்த வெற்றிக்கும் என்னதான் சம்பந்தம்?

இடையில் நடந்ததைத் தேடினேன். டிசம்பர் 4, தாய்லாந்துடன் 0-0. டிசம்பர் 7, பாலெம்பாங்கில் லாவோஸை 5-1 என்று வென்றோம். அதே நேரம் ஜகார்த்தாவில் தாய்லாந்து இந்தோனேசியாவை எதிர்த்து முன்னிலையில் இருந்தது. அது அப்படியே முடிந்திருந்தால் தாய்லாந்துக்கு 5 புள்ளி, நமக்கு 4, மூட்டை கட்டியிருப்போம். கடைசிப் பத்து நிமிடத்தில் பம்பாங் பமுங்காஸ் இரண்டு பெனால்டி அடித்து இந்தோனேசியாவை 2-1 என்று ஜெயிக்க வைத்தார். நம்மை அரையிறுதிக்கு அனுப்பியது இந்தோனேசியாதான்! எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. லோம்போக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதனால்தான் லேசர் அடித்து நன்றி சொன்னீர்களா என்றார்.

அதற்கப்புறம் அரையிறுதியில் நடப்பு வெற்றியாளர் வியட்னாமை இங்கே 2-0, ஹனோயில் 0-0. தாய்லாந்து ஆட்டத்தையும் சேர்த்தால் இரண்டு ஆட்டம் கோலே விழாமல் முடிந்திருக்கிறது. ஐந்து வாங்கிய தற்காப்பு இது.

“வேற கோச்சா இருந்தா அஞ்சு வாங்கின மறுநாளே பாதிப் பேரக் கழட்டி விட்டிருப்பான்” என்றார் மாமா. “இவரு ஏன் கழட்டல?”

அந்தக் கேள்வி என்னை ஓராண்டு பின்னால் தள்ளியது. ராஜகோபால் 2009இல் பி. சத்தியநாதனுக்குப் பின் தேசிய அணிக்கு வந்தவர். அந்த டிசம்பரிலேயே லாவோஸில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் 23 வயதுக்குட்பட்டவர்களை வைத்து, இறுதியில் வியட்னாமை 1-0 என்று வென்று தங்கம் எடுத்தார். 1989க்குப் பிறகு அதுதான் முதல் தங்கம். ஹரிமாவ் மூடா என்ற இளையர் அணியை ஒரு கிளப்பைப் போலவே உள்நாட்டு லீக்கில் ஆடவிட்டார்கள். 2009 பிரிமியர் லீக்கை அது வென்றது. கிண்ணத்தை ஏந்திய சாஃபிக் ரஹீமுக்கு வயது 23. தேசிய அணி என்றால் நான்கு மாநிலத்திலிருந்து வந்து நான்கு நாள் சேர்ந்து ஆடிவிட்டுப் போவது என்றிருந்த இடத்தில், இவர்களில் பலர் ஒன்றாகவே வளர்ந்தவர்கள். ஐந்து கோல் வாங்கியும் அவர் ஏன் பதறவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

விளையாட்டிலும் அதற்கு இடம் உண்டு. 2011 பதிப்பில் புதிதாக வந்தது ‘மேட்ச் பிரிபரேஷன்’: வியூகம் ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு பழகியிருக்கிறது என்று ஒரு பட்டை காட்டும். கிளப்பாக இருந்தால் வாரா வாரம் ஏறும். தேசியப் பயிற்றுநருக்கு ஆட்களே எப்போதாவதுதான் கிடைப்பார்கள், பட்டையை எங்கே ஏற்றுவது? ஆகவே கூடவே வரும் எடிட்டரைத் திறந்து சாஃபி, நோர்ஷாருல், சாஃபிக், குணாளன், குருசாமி என்று எல்லோரையும் ஒரே கிளப்பில் போட்டேன். சாதாரண 4-4-2. எந்த ஸ்லைடரையும் தொடவில்லை. ஒரு பருவம் முழுக்க அதே பதினொருவர், தோற்றாலும் அதே பதினொருவர்.

பருவத்தின் பின்பாதியில் ஆட்டம் மாறியது. பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. 0-0, 1-0, 0-0 என்றே போகும். ஆனால் எதிரி ஒரு கணம் அசந்தால் இரண்டு புள்ளிகள் ஒரே நேரத்தில் நகர்ந்தன, ஒன்று பந்தை நோக்கி, மற்றது பந்து வரப்போகும் இடத்தை நோக்கி. மாமாவை வற்புறுத்தி ஒரு கோலைப் பார்க்க வைத்தேன். “இப்ப சரி” என்றவர், உடனே, “இதுல பெனால்டி பிடிக்கிறானா?” என்று கேட்டார். டிசம்பர் 29, ஜகார்த்தாவில் நடந்த இறுதியின் இரண்டாம் சுற்றில் இந்தோனேசியாவின் ஃபிர்மான் உத்தினாவின் பெனால்டியைக் கைருல் ஃபாமி பிடித்ததைச் சொல்கிறார். அது மட்டும் உள்ளே போயிருந்தால் 1-2 தோல்வியும், மொத்தக் கணக்கில் 4-2 வெற்றியும், அந்த வெற்றிக்காக விட்ட 31ஆம் தேதி பொது விடுமுறையும் என்னவாகியிருக்குமோ. அதற்கு எந்த வியூகத்திலும் இடமில்லை.

என் முடிவு இதுதான்: ராஜகோபாலின் உத்தி அம்புக்குறிகளில் இல்லை, ஐந்து கோலுக்குப் பிறகும் அவர் கலைக்காமல் விட்ட பட்டியலில் இருந்தது. இதை உறுதிப்படுத்த எனக்கு வேண்டியது டிசம்பர் 4 தாய்லாந்து ஆட்டம். அந்த மூன்று நாளில்தான் தற்காப்பு திருந்தியிருக்கிறது. கோல் விழாத ஆட்டம் என்பதால் எனக்குக் கிடைத்ததெல்லாம் சில நிமிடத் துண்டுகள்தான். யாராவது 90 நிமிடத்தையும் பதிவு செய்து வைத்திருந்தால், தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். தானா ராத்தாவில் அதைப் பார்க்க இரண்டு பேர் காத்திருக்கிறோம்.