அப்பாவோட தலையணைக் கணக்கு

நான் பி.காம் மூணாவது வருஷம். எனக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க (காதல் கதை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும்). தங்கச்சி நர்ஸிங் முதல் வருஷம். நாலு மாசம் முன்னாடி, அனாடமி டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரி, புத்தகத்தை என் கையில திணிச்சு "அண்ணே, நான் ஒப்பிக்கிறேன், நீ சரியான்னு மட்டும் பாரு"ன்னு உட்கார்ந்துட்டாள்.

முதல் படத்துலயே எனக்குக் குழப்பம். இடது வெண்ட்ரிக்கிள்னு போட்டிருக்கு, ஆனா பக்கத்தோட வலது ஓரத்துல இருக்கு. எங்க பாடத்துல டெபிட் இடது, கிரெடிட் வலது, செத்தாலும் மாறாது. "படத்துல இருக்கறவன் உன்னைப் பார்த்து நிக்கறான்ணே"ன்னு சிரிச்சாள். ஆர்ட்டரின்னா சுத்த ரத்தம்னு பள்ளிக்கூடத்துல படிச்சதும் முழுசா சரியில்லையாம். இதயத்தை விட்டுப் போனா ஆர்ட்டரி, இதயத்துக்கு வந்தா வெயின், அவ்வளவுதான். நுரையீரலுக்குப் போற ஆர்ட்டரியில ஓடறது ஆக்சிஜன் குறைஞ்ச ரத்தம்.

மத்தபடி சுலபமா புரிஞ்சது. மேல ரெண்டு அறை ஏட்ரியம், கீழ ரெண்டு அறை வெண்ட்ரிக்கிள். வலது பக்கம் உடம்பிலிருந்து வர்ற ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்குத் தள்ளும். இடது பக்கம் நுரையீரலிலிருந்து வாங்கி உடம்பு முழுக்கத் தள்ளும். நுரையீரல் பக்கத்து வீடு, உடம்போ உச்சந்தலை முதல் கால் கட்டைவிரல் வரைக்கும். அதனால இடது வெண்ட்ரிக்கிள் சுவர் வலதைவிட சுமார் மூணு மடங்கு தடிமன். சரக்கு ஒரே அளவு, லாரி வாடகைதான் வேற.

சும்மா இருக்கும்போது ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி, நிமிஷத்துக்கு 70 துடிப்பு. 4,900 மில்லி. உடம்புல இருக்கற மொத்த ரத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தான். அதாவது மொத்த ஸ்டாக்கும் நிமிஷத்துக்கு ஒரு தடவை கைமாறுது. வில்லியம் ஹார்வி 1628-ல எழுதின புத்தகத்துலயும் முக்கியமான ஒரு வாதம் இந்தப் பெருக்கல்தான். சாப்பாட்டுலேர்ந்து கல்லீரல் புதுசு புதுசா ரத்தம் தயாரிக்குது, உடம்பு அதைச் செலவழிக்குதுன்னு அதுவரைக்கும் நம்பினாங்க. அவர் ஒரு துடிப்புக்கு இவ்வளவு, அரை மணிக்கு இத்தனை துடிப்புன்னு பெருக்கிப் பார்த்தார். மனுஷன் சாப்பிடற எதுலயும் அவ்வளவு ரத்தம் வர முடியாது. அப்போ இருக்கற ரத்தமேதான் சுத்தி வருது! மனுஷன் பேசாம எங்க டிபார்ட்மென்ட்ல சேர்ந்திருக்கலாம் :-)

நானும் ஒரு பெருக்கல் போட்டேன். வலது பக்கம் 70 மில்லி தள்ளுது, இடது 69 மட்டும் தள்ளுதுன்னு வைங்க. ஒரே ஒரு மில்லி வித்தியாசம். ஒரு மணி நேரத்துல 4,200 மில்லி நுரையீரல் பக்கமே தங்கிடணும். "ஆளு காலிடி"ன்னேன். அதுக்குத்தான் ஸ்டார்லிங் விதின்னு அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னாள். அறைக்குள்ள ரத்தம் கூடுதலா வந்தா தசை அதிகமா இழுபடும், இழுபட்டா அடுத்த துடிப்பு இன்னும் பலமா இருக்கும். எந்த ஆடிட்டரும் இல்லாம ரெண்டு பக்கமும் தானா டேலி ஆகுது.

இடது வெண்ட்ரிக்கிள் பலவீனமானா அந்த டேலி சரியா நடக்காது. பாக்கி நுரையீரல்ல தேங்கும். படுத்தா காலில் இருக்கற ரத்தமும் மேல வந்து சேரும், மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தா குறையும். அதனால நோயாளிகிட்ட "எத்தனை தலையணை வச்சுத் தூங்கறீங்க?"ன்னு நர்ஸ் கேட்கணும்னு ஒப்பிச்சுக்கிட்டே வந்தவள் சட்டுன்னு நிறுத்திட்டாள்.

ரெண்டு வாரமா என் தலையணையைக் காணோம்னு நான்தான் வீட்டுல சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். அது அப்பா கட்டில்ல இருந்தது. அவரோடது ரெண்டு, என்னோடது ஒண்ணு. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து டிவி பார்ப்பார், கேட்டா "கேஸ்டா, படுக்க முடியல"ம்பார். கால் வீக்கத்துக்கு, கடையில நாள் பூரா ஸ்டூல்ல உட்கார்றதுதான் காரணம்னு அவரே முடிவு பண்ணிட்டார். நாங்களும் சரின்னு விட்டுட்டோம்.

அவள் போய் அவர் கணுக்காலுக்கு மேல கட்டைவிரலால அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்னது. "என்ன பாப்பா, என்கிட்டயே ப்ராக்டிகலா?"ன்னு அப்பா சிரிச்சார். அவள் சிரிக்கல.

மறுநாள் டெஸ்ட்டை விட்டுட்டு எங்களோட ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஈசிஜி, எக்கோ. எப்பவோ ஒரு அட்டாக் வந்துட்டுப் போயிருக்குன்னார் டாக்டர். அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமா சுகர். சுகர் உள்ளவங்களுக்கு நெஞ்சுவலியே தெரியாமலும் அட்டாக் வரலாமாம். எக்கோ ரிப்போர்ட்ல எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 35 சதவீதம். நிரம்பின அறையிலேர்ந்து ஒரு துடிப்புக்கு எத்தனை பங்கு வெளியே போகுதுங்கற கணக்கு அது. 120 மில்லி நிரம்பி 70 போனா 58. நல்ல இதயமே நூறு வாங்காது, 55-க்கு மேல இருந்தாலே பெரும்பாலும் சரிதான்.

அப்பா ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துட்டு "35 பாஸ் மார்க்தானேடா"ன்னார். பத்தாவதுல கணக்குல நான் எடுத்த மார்க்கை அவர் இன்னும் மறக்கல.

இப்போ நீர் பிரியற மாத்திரையும் இன்னும் நாலஞ்சு மாத்திரையும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் கட். தினமும் காலையில பாத்ரூம் போயிட்டு வந்ததும், சாப்பிடறதுக்கு முன்னாடி எடை பார்க்கணும். ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா அது சதை இல்லை, தண்ணி, உடனே டாக்டருக்குப் போன் பண்ணணும். கடையோட பழைய பேரேட்டுல ஒரு பக்கத்தைக் கோடு போட்டு நான்தான் எழுதறேன். தேதி, எடை, தலையணை. தங்கச்சி ஹாஸ்டல்லேர்ந்து தினமும் போன்ல கேட்கறாள், டெஸ்ட்டையும் திரும்ப எழுதி முடிச்சுட்டாள்.

இன்னைக்குக் காலையில 68.4. நேத்து 68.6. தலையணை ரெண்டு. என்னோடது இன்னும் அவர் கட்டில்லதான் கிடக்கு, நான் கேட்கல.