ராத்தாட ஸ்கேன்



ராத்தாட சம்மதத்தோடதான் இதை எழுதுறோம். உச்சமுனைப் பொம்புளைகள் வாசிக்க வேணும். கண் தெரியாத உம்மாமாருக்குப் புள்ளைகள் வாசிச்சுக் காட்டுங்க.

ராத்தாவுக்கு அடிவயிறு ஊதி ஏழெட்டு மாசம். வாய்வு என்று கசாயம் குடிச்சுக்கொண்டே இருந்தா. சொல்ல வெட்கம். போட்டுல கற்பிட்டிக்குப் போய், பிறகு பஸ்ல புத்தளம் போக ஒரு நாள் கூலியும் போயிடும். நாங்களும் கேட்கல்ல. அது எங்கட பிழை.

ஸ்கேன்ல "சூலகத்தில் கட்டி, 6 சென்ரிமீற்றர்" என்று எழுதியிருந்திச்சு. திரும்பி வரும்போது போட்டுல ஒருத்தரும் பேசல்ல. கட்டி என்றாலே எங்களுக்குப் புற்றுநோய்தானே.

அடுத்த கிளினிக்லதான் விளங்கினது. மெல்லிய சுவரும் உள்ளே வெறும் நீரும் என்றால் அது நீர்க்கட்டி. மாதவிடாய் நிற்காத பொம்புளைகளுக்கு 5 சென்ரிமீற்றருக்குக் குறைஞ்சது பெரும்பாலும் தானாகவே கரைஞ்சிடும். உள்ளே திடமான சதை, தடித்த தடுப்பு, வயிற்றில் நீர் இருந்தாத்தான் சந்தேகம். அப்போ சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் சி.ரி. அந்த ரத்தப் பரிசோதனை மாதவிடாய் நேரத்திலயும் கூடிக் காட்டும். அதை மட்டும் பார்த்து அழ வேணாம். முடிவைச் சொல்றது வெட்டி எடுத்த சதையைச் சோதிக்கிற ஆய்வுகூடம்தான்.

கலியாணம் முடிக்காத புள்ளைகளுக்கு வயிற்றுக்கு மேலால பார்க்கிற ஸ்கேன் போதும், தண்ணி குடிச்சு மூத்திரத்தை அடக்கிக்கொண்டு போகணும். இந்தப் பயத்திலயே எத்தனை பேர் போறதில்லை! 'வெல் வுமன்' கிளினிக்ல செய்ற பாப் பரிசோதனை கர்ப்பப்பைக் கழுத்துக்கு; சூலகத்தை அது காட்டாது.

எங்கட மீனவர்களுக்கு இது புதுசில்ல. போட்டுல மீன் தேடுற கருவியும் ஒலியை அனுப்பி எதிரொலியைத்தான் பிடிக்குது. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற டொக்டர், இரும்பில் வெடிப்புத் தேடுற கருவியைத்தான் வயிற்றில் வெச்சுப் பார்த்தார். வயிற்றுப் புற்றுநோய், ஒப்பரேஷன் செய்ய ஏலாது என்று கைவிட்ட ஒரு பொம்புளைக்கு இருந்தது பெரிய சூலக நீர்க்கட்டி என்று அதில தெரிஞ்சுது. எடுத்தாங்க, அவ பிழைச்சா. 1958ல அதை எழுதி வெளியிட்டார்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேணாம். திடீரென்று ஒரு பக்கம் தாங்க ஏலாத வலியும் வாந்தியும் வந்தால் கட்டியோட சூலகம் முறுகியிருக்கலாம். இரவென்றாலும் காத்தென்றாலும் உடனே போட்டை இறக்குங்க. மாதவிடாய் நின்றவங்க எந்தக் கட்டியையும் டொக்டரிட்ட காட்டத்தான் வேணும்.

ராத்தாட கட்டி நீர்தான். ஆனாலும் கரையுதா என்று பார்க்க அடுத்த மாசம் திரும்பவும் ஸ்கேன். போட்டுல நாலு பேருக்கு இடம் இருக்கு. வாரவங்க அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வந்து சொல்லுங்க, இங்க கொமண்ட்ல வேணாம்.