சுரங்கத்தில் நின்ற சிறியவன்

கற்பனைக் கதைகள் காலத்தை வீணாக்கும் என்று பிள்ளைகளைக் கண்டித்து வந்தவர்கள் நாங்கள். எங்கள் இளைய மகன் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் கிடந்த நாள்களில் அவ்வெண்ணம் மாறிற்று.

அவனுடைய மாமா தந்த ஆங்கில நூல், டோல்கீன் எழுதிய 'ஹாபிட்'. ஆக்ஸ்போர்டு பேராசிரியரும் கத்தோலிக்கருமான அவர் தம் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை, 1937இல் நூலாயிற்று. பின்னர் அவர் எழுதிய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று பெருந்தொகுதிகள். இதுவோ 19 அத்தியாயங்களே. பறக்கும் நாகம் கவர்ந்த பொன்னை மீட்க, குள்ளர் 13 பேருடன் புறப்படுகிறான் பில்போ என்னும் சிறியவன். பூதங்கள், ஓநாய்கள், பெருஞ்சிலந்திகள் என ஓர் ஆபத்து நீங்குமுன் மற்றொன்று வந்து சேர்கிறது. நாங்கள் தமிழில் சொல்லச் சொல்ல, "இன்னும் கொஞ்சம், அப்பா" என்று மகன் கெஞ்சுவான்.

சிகிச்சைக்கு முந்திய இரவு, பில்போ தனியே சுரங்கத்தில் இறங்கும் பகுதி வந்தது. உள்ளே நாகத்தின் குறட்டை. அவன் கால்கள் நின்றுவிடுகின்றன. அங்கிருந்து மேலே நடந்ததே அவன் செய்த செயல்களிலெல்லாம் பெருவீரம் என்கிறார் ஆசிரியர். நாகத்தை அவன் இன்னும் கண்ணால் காணவில்லை!

"அவனுக்கும் பயமா, அப்பா?"

"ஆம், மகனே. பயத்தோடுதான் போனான்."

அவன் உறங்கிவிட்டான். எங்களுக்குத்தான் உறக்கம் வரவில்லை.

காலையில் சக்கரக் கட்டிலில் கொண்டுசென்றபோது, "சுரங்கத்துக்குப் போகிறேன்" என்று சிரித்தான். எங்கள் அறிவுரைகள் தராத துணிவை அக்கதை தந்திருந்தது.

மீதி ஏழு அத்தியாயங்களை, வீடு திரும்பியபின் படித்து முடித்தோம்.