எதுக்கு வந்தீங்க?

விசா கையில் இருந்தால் சிங்கப்பூருக்குள் நுழைந்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை இருந்தால் பந்தியில் இலை நிச்சயம் என்கிற மாதிரி! வாசலில் ஒருத்தர் நின்று, "நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்று கேட்பார் என்பது 2019-ல் சாங்கி விமான நிலையத்தில்தான் புரிந்தது.

திருச்சியில் ஏறியதுமே பக்கத்து ஸீட் பையன் சிநேகமாகிவிட்டான். இருபத்திரண்டு வயசிருக்கும். மடிப்பு கலையாத புதுச் சட்டை. விமானத்தில் தந்த வெள்ளை அட்டையை நீட்டி, "நிரப்பிக் குடுங்கண்ணே" என்றான். பின்பக்கம் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை: போதைப்பொருள் கடத்தினால் மரண தண்டனை! படித்துச் சொன்னதும், அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடியைப் பைக்குள் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டான், பாவம்.

"எத்தனை நாள் தங்கப் போறே?"

"பத்து நாள்னு சொல்லச் சொன்னாரு ஏஜென்ட்." ஹோட்டல் பெயர் எழுதிய துண்டுச் சீட்டையும் நீட்டினான்.

"சுத்திப் பார்க்கவா?"

குரலைத் தாழ்த்தினான். "வெல்டிங் வேலைண்ணே. போனதும் விசாவை மாத்திக்கலாமாம். அக்கா நகையை வெச்சுப் பணம் கட்டியிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும், 'நமக்கெதுக்கு வம்பு' என்று 10 நாள், ஹோட்டல் பெயர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். 'சிங்கப்பூருக்குள் நுழைய எப்போதாவது தடை விதிக்கப்பட்டதுண்டா?' என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று டிக் அடித்தேன்.

இமிக்ரேஷன் வரிசையில் நிற்கும்போது ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. 1970-களில் இங்கே ஆண்களுக்குத் தலைமுடி நீளமாக இருந்தாலே உள்ளே விடமாட்டார்களாம். 1972-ல் லெட் ஸெப்லின் இசைக்குழுவின் கச்சேரியே அதனால் ரத்தானது. என் தலையைப் பொறுத்தவரை எந்த நாட்டுக்கும் ஆட்சேபணை இருக்காது!

இப்போது பார்ப்பது வேறு. பாஸ்போர்ட்டுக்கு இன்னும் 6 மாதமாவது ஆயுள் இருக்கிறதா? திரும்பிப் போக டிக்கெட்? செலவுக்குப் பணம்? தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வழியில்லாதவரை உள்ளே விட வேண்டாம் என்று அவர்களுடைய 1959-ம் வருஷத்துக் குடிநுழைவுச் சட்டமே சொல்கிறது. எல்லாம் இருந்தாலும், முடிவு கவுன்ட்டரில் இருப்பவர் கையில்தான்.

பையன் எனக்கு முன்னால் போனான். அதிகாரி தமிழர். "எதுக்கு வந்தீங்க தம்பி?" என்று தமிழிலேயே கேட்டார். அவ்வளவுதான்... ஊரில் மாமாவைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில், "வேலைக்குங்க!" என்றான்.

நான் பி.காம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால், வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் தள்ளிவைப்போம். ஏர்போர்ட்டில் அதற்குப் பெயர் பக்கத்து அறை. அட்டை ஒன்று சொல்ல, வாய் வேறு சொல்ல, பையனை அங்கே அழைத்துப் போனார்கள். மரியாதையாகத்தான். போகும்போது திரும்பி, "அண்ணே!" என்றான். என் முறை வந்துவிட்டிருந்தது.

வேலைக்குப் போகிறவருக்கு, சிங்கப்பூர் முதலாளி முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கிய ஒப்புதல் கடிதம் கையில் இருக்க வேண்டும். 'போய் மாத்திக்கலாம்' என்பதெல்லாம் ஏஜென்ட் பாஷை. நுழைய விடாதவரை, ஏற்றி வந்த விமானக் கம்பெனியே திருப்பி அழைத்துப் போய்விடும். அக்காவின் நகையைத் திருப்பித் தர எந்தக் கம்பெனியும் இல்லை.

இன்று அந்த வெள்ளை அட்டை கிடையாது. வருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் ஆன்லைனில், இலவசமாக, நிரப்பிவிட வேண்டும். பாஸ்போர்ட்டில் முத்திரைகூடக் குத்துவதில்லை. ஆனால் கேள்விகள் அதேதான்.

இப்போதெல்லாம் யாராவது ஃபாரத்தை நீட்டி, "நிரப்பிக் குடுங்கண்ணே" என்றால், பேனாவைத் திறப்பதற்கு முன் நானே கேட்டுவிடுகிறேன், "எதுக்குப் போறே தம்பி?" என்று. அன்றைக்கும் கேட்டேன்தான். பதிலைக் கேட்ட பிறகும் எழுதிக் கொடுத்தேன் பாருங்கள்... அந்த அட்டையில் இருந்தது என் கையெழுத்து, ஸார்!